சாம்பல் பாதி, ரோஸ் பாதி

கடைத்தெருவில் இருக்கும் அந்தப் பெயிண்ட் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயிண்டர்களுக்கு அவள் ‘கலர் மேடம்’. முதலாளிக்கு ‘ஏம்மா’. கடையின் பின்பக்கம், நிறம் கலக்கும் மெஷினுக்கும் டப்பாவைக் குலுக்கும் மெஷினுக்கும் நடுவே ஓர் உயரமான ஸ்டூல். அதுதான் அவள் இடம். கல்லூரியில் வேதியியல் படித்தவள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வந்து உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே தலை நரைத்துவிட்டாள். கல்யாணம் என்ற பேச்சு அவ்வப்போது வந்து, வந்த வழியே போய்விட்டது.

வேலையில் அவள் கெட்டிக்காரி. வெள்ளை டப்பாவை மெஷினுக்கு அடியில் வைத்து, சாயம் சொட்டுச் சொட்டாக இறங்கியதும் மூடியை அடித்து இறுக்கிக் குலுக்கப் போடுவாள். பிறகு திறந்து, மூடியின் மேல் ஒரு பொட்டு தடவி, சூடான காற்றை ஊதிக் காய வைத்துக் காட்டுவாள். “ஈரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. காயட்டும்” என்பாள். ஆனால் நிறம் கலப்பதைவிட, எந்த நிறம் என்று தெரியாமல் வருகிறவர்களைச் சமாளிப்பதில்தான் அவள் பெயர் எடுத்திருந்தாள்.

ஜோடியாக வருவார்கள். “வீட்டுக்கு ஒரு களை வரணும் மேடம். உள்ள நுழைஞ்சா இது எங்க வீடுன்னு தெரியணும்” என்பார் கணவர்.

“இப்ப மட்டும் தெரியலையாக்கும். சோபா மேல கெடக்குற உங்க லுங்கிய பார்த்தாலே தெரியுதே” என்பார் மனைவி.

“பாருங்க மேடம், இவ எப்பவும் இப்படித்தான்.”

கலர் மேடம் இரண்டு பேரையும் பேசவிடுவாள். அவள் கண் மட்டும் நிற அட்டைப் புத்தகத்தை யார் எந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக விரித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு மூன்று அட்டைகளை எடுத்து வரிசையாக வைப்பாள். அவர்களுக்குப் பொருந்தும் என்று அவள் முடிவு செய்தது நடுவில் இருக்கும். இரண்டு பக்கமும் கண்றாவியாக ஒன்றொன்று. யாராக இருந்தாலும் கை நடுவுக்குத்தான் போகும். தாங்களே தேர்ந்தெடுத்த திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள்.

இந்தத் தந்திரத்தைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஒரு காலம். அப்போது வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்: அவள், அவளுக்கு மூத்தவளான அக்கா, அந்த மூத்தவளின் மகள் குட்டி. குட்டியின் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் என்று ஆகி வெகுகாலம் ஆயிற்று. மூத்தவள் கைக்குழந்தையோடு தங்கை வீட்டுக்கு வந்தவள், அந்த வீட்டையே தன் கையில் எடுத்துக்கொண்டாள். தன் அறைக்கு ரோஸ் நிறம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“அது இருமல் மருந்து கலர்க்கா. வேணாம்.”

“ஊருக்கெல்லாம் நடு அட்டைய நீட்டு. எனக்கு நீட்டாத. நான் மருந்துக்குள்ளயே படுத்துக்கிறேன் போ.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. கடைசியில் அந்த ரோஸ் அறையில்தான் மருந்தும் மாத்திரையுமாகப் படுத்தாள், ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு குட்டி அந்த அறையில் படுப்பதில்லை. கூடத்து சோபாவில் சுருண்டுகொள்வாள். துணி எடுக்க மட்டும் உள்ளே போவாள், போன வேகத்தில் வெளியே வருவாள். பள்ளிப் படிப்பு முடிந்து, கல்லூரிக்குச் சேர வேண்டிய நேரம். அந்த நேரம் பார்த்து அவள் அத்தையிடமிருந்து போன் வந்தது. அண்ணன் விட்டுவிட்டுப் போனாலும் அண்ணன் மகளை விட மனசில்லாதவள் அந்த அத்தை. நல்ல மனுஷி. அதுதான் சங்கடம். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டாவது மறித்திருக்கலாம்.

“இங்க நல்ல காலேஜ் இருக்கு. வீட்ல மாடி அறை சும்மா கெடக்கு. நீங்களும் எத்தனை நாள்தான் ஒத்தையா இவளையும் பார்த்து வேலைக்கும் போவீங்க? மாசக் கடைசியில நானே கார் எடுத்துட்டு வர்றேன்.”

குட்டியிடம் போனைக் கொடுத்தபோது அவள், “யோசிச்சுச் சொல்றேன் அத்தை” என்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று கலர் மேடம் கணக்குப் போட்டாள். குட்டியும் போய்விட்டால் அந்த வீட்டில் ‘சித்தி’ என்று கூப்பிட ஆள் இல்லை. ஆனால் ‘போகாதே’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெற்ற தாயைப் பறிகொடுத்த பிள்ளையை, தனக்குத் துணை வேண்டும் என்று பிடித்து வைப்பது என்ன நியாயம்?

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அறைக்கு வண்ணம் அடிப்போம் என்று முடிவு செய்தாள். அறை சரியாக அமைந்தால் குட்டி உள்ளே போய்ப் படுப்பாள். படுத்தால் இருப்பாள். எந்த வண்ணம் என்று யோசித்த இடத்தில்தான் சிக்கல் தொடங்கியது. அதே ரோஸைப் புதிதாக அடித்தால், அம்மா ஞாபகம் அவளைத் துரத்துமா, தாங்குமா? மாற்றினால், அம்மாவை அழித்துவிட்டாள் சித்தி என்று நினைப்பாளா? ஒரு நாள் முழுக்க ரோஸ்தான் என்று இருப்பாள். மறுநாள் பல் துலக்கும்போதே ஐயோ கூடாது என்று தோன்றும். ஊருக்கே நிறம் சொன்னவளுக்கு மண்டை காய்ந்தது. கடையில் ஒருவர் கடல் நீலம் கேட்க, இவள் பாட்டுக்கு ரோஸ் கலந்து வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வழக்கமாகக் கடைக்கு வரும் பெயிண்டர் மேஸ்திரியைக் கேட்டாள்.

“மாத்திடுங்க மேடம். சின்னப் பொண்ணு. மனசு மாறும்” என்றார் அவர். பாதி டீ குடித்ததும், “மாத்தாதீங்க. எங்கம்மா போனப்ப எங்கண்ணன் சமையல்கட்டுக்கு வெள்ளை அடிச்சான். அவன்கூட நான் ஒரு வருஷம் பேசல” என்றார்.

“ரெண்டுல எதுங்க?”

“அத உங்ககிட்ட கேட்டுத்தான மேடம் நாங்க பொழப்பு நடத்துறோம்!”

குட்டியையே கேட்டாள். “குட்டி, ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன். என்ன கலர் அடிக்கட்டும்?”

குட்டி செல்போனிலிருந்து நிமிர்ந்து ஒரு நிமிஷம் பார்த்தாள். “பெயிண்டா? உங்க இஷ்டம் சித்தி.”

“உனக்குப் பிடிச்சது ஏதாவது சொல்லேன்டீ.”

“எதுவா இருந்தா என்ன? நீங்களே பாருங்க.”

அன்று சாயங்காலம் கலர் மேடம் கடையிலிருந்து மூன்று அட்டைகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். யோசித்து யோசித்து இளம்பச்சை ஒன்றை முடிவு செய்திருந்தாள். ரோஸுமில்லாமல் அதற்கு எதிரியுமில்லாமல், ஜன்னல் வெளிச்சம் பட்டால் உயிர் வரும் பச்சை. அதை நடுவில் வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. நடு அட்டைக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் ஆயிற்றே இந்தப் பெண்! நடுவில் வைத்தால், சித்தி ஏதோ வேலை காட்டுகிறாள் என்று வேண்டுமென்றே வேறொன்றை எடுப்பாள். பச்சையை இடது ஓரத்துக்கு மாற்றினாள். சிமெண்ட் சாம்பல் வலது ஓரத்துக்கும், பழுப்பு மஞ்சள் நடுவுக்கும் போயின. குட்டி வந்தபோது மறுபடி மாற்ற நேரமில்லை.

குட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடுவைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். மறுபடி அட்டைகளைப் பார்த்தாள். அவள் நெற்றியில் விழுந்த சுருக்கம் அப்படியே மூத்தவளுடையது.

“இது” என்று சாம்பலைத் தொட்டாள்.

“இதா?”

“ஏன், நல்லா இல்லையா?”

“இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கு. நிஜமா உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு சித்தி. அழுக்கு தெரியாது.”

பதினேழு வயதில் எந்தப் பெண் அழுக்கு தெரியாது என்று நிறம் பார்க்கிறாள்? துக்கம்தான் இப்படிச் சாம்பலாக வெளியே வருகிறதா? இல்லை, தன்னைச் சீண்டுகிறாளா? கலர் மேடத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்டதைக் கொடுத்துவிடுவோம் என்று மறுநாள் தன் கையாலேயே சாம்பலைக் கலந்தாள். மூடியில் காய வைத்துப் பார்த்தபோது அவளே முகம் சுளித்தாள்.

மேஸ்திரி வந்து சுவரைச் சுரண்டித் தேய்த்து, டப்பாவைத் திறந்ததும் நிமிர்ந்தார். “மேடம், டப்பா மாறிடுச்சா? இது பேங்குக்குப் போற டப்பா மாதிரி இருக்கு.”

“அதேதான். அடிங்க.”

மத்தியானத்துக்குள் இரண்டு சுவர் முடிந்தது. மிச்சம் இரண்டு சுவரில் பழைய ரோஸ். அறை, அவசரத்தில் யாரோ இரண்டு வெவ்வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியதைப் போல இருந்தது. விடுப்பு எடுத்திருந்த கலர் மேடம் கட்டிலைத் தள்ளிப்போட்ட கூடத்தில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தாள். குட்டி வெளியே போய்விட்டு வந்தாள். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“நல்லா வந்திருக்கு சித்தி. வர்றவங்களுக்குப் பிடிக்கும்.”

“யாரு வர்றவங்க?”

“குடி வர்றவங்க.”

“எந்தக் குடி?”

“வாடகைக்குத்தான? நம்ம தெருவில எல்லாரும் ஆள் மாறும்போதுதான பெயிண்ட் அடிக்கிறாங்க. நான் போனப்புறம் ரூம் சும்மாதான கெடக்கும், வாடகைக்கு விட்டா உங்களுக்கும் துணை ஆச்சுன்னு நினைச்சேன். அதான், யார் வந்தாலும் ஒத்துப்போற மாதிரி, அழுக்கு தெரியாத மாதிரி...” குட்டி ரோஸ் சுவர் பக்கம் திரும்பினாள். “ஆனா எங்கம்மா சுவத்த இவ்வளவு சீக்கிரம் மாத்துவீங்கன்னு நினைக்கல.”

கலர் மேடம் கத்திவிட்டாள். “அடிப்பாவி! நீ இங்கயே இருக்கணும்னுதான்டீ அடிக்கிறேன்! உனக்குன்னுதான்டீ!”

“எனக்கா?”

“பின்ன யாருக்கு? என்ன கலர் வேணும்னு உன்னத்தான கேட்டேன்?”

“கலரத்தான் கேட்டீங்க. இருக்கியான்னு கேக்கலையே.”

உள்ளே ரோலர் உருளும் சத்தம் நின்றிருந்தது. மேஸ்திரி கதவோரம் தலையை நீட்டி, “மேடம், மூணாவது சுவத்துல கை வைக்கட்டுமா, வேணாமா?” என்றார்.

“கொஞ்சம் சும்மா இருங்க நீங்க!” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவர் ஏணியில் உட்கார்ந்து பீடியைத் தேடினார்.

கலர் மேடம் கேட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததால் அது கேள்வியாக வராமல் அதட்டலாக வந்தது. “இருக்கியா, போறியா?”

குட்டி கன்னத்தைத் துடைத்தாள். “தெரியல சித்தி. நீங்க போகச் சொல்றீங்கன்னே நினைச்சு மனச அதுக்குத் தயார் பண்ணி வச்சிருந்தேன். இப்ப திடீர்னு இப்படிச் சொன்னா?”

“சரி, எனக்கும் ஒண்ணும் புரியல. வா, சாப்பிடு மொதல்ல.”

மேஸ்திரி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு, முடிவு ஆனதும் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். முடிவு ஆகவில்லை. ஒரு நாள் குட்டி ரோஸ் பக்கம் தலை வைத்து அந்த அறையில் மத்தியானம் தூங்கினாள். மறுநாள் மறுபடி சோபா. பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் விண்ணப்பித்தாள், அத்தை ஊர்க் கல்லூரிக்கும் விண்ணப்பித்தாள். எது மனசு, எது முன்னேற்பாடு என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடையில் அட்டை புரட்டும் விரல்களைப் பார்த்தே ஆளை எடைபோடும் கலர் மேடம், வீட்டில் திருதிருவென்று முழித்தாள். ஒருவேளை கடையிலும் அவள் யார் மனதையும் படித்ததே இல்லையோ, பக்கத்து அட்டைகள்தான் அத்தனை மோசமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. அந்த வாரம் வந்த ஒரு பெண்ணிடம் மூன்று நல்ல அட்டைகளை வைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் எதையும் எடுக்காமல் வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மாசக் கடைசியில் சொன்னபடி அத்தை காரோடு வந்தாள். வந்த கையோடு அறையை எட்டிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“இது என்ன கூத்து? பாதி ஒரு கலரு, பாதி ஒரு கலரு! இதுதான் இப்ப ஃபேஷனா?”

“இல்லத்தை. வேலை இன்னும் முடியல” என்றாள் குட்டி.

“பெயிண்டர் ஓடிட்டானா?”

“நாங்கதான் நிறுத்தி வச்சிருக்கோம். இது முடியட்டும் அத்தை, அப்புறம் வர்றேன்.”

அத்தை கலர் மேடத்தைப் பார்த்தாள். கலர் மேடம் குட்டியைப் பார்த்தாள். முடிந்த பிறகு வருகிறேன் என்றால் போகிறேன் என்று அர்த்தமா? குட்டி நகத்தில் ஏதோ அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

“எப்ப முடியும்?” என்று அத்தை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

“பெயிண்ட் வேலைய அப்படிச் சொல்ல முடியாதுங்க” என்றாள் கலர் மேடம். “இந்த ஈரக் காத்துக்குச் சுவர் காயவே காயாது.” வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அத்தை ஜன்னல் வழியாக அந்த வெயிலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீயைக் குடித்து முடித்தாள். போகும்போது குட்டியின் தலையைத் தடவி, “போன் பண்ணுடீ” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

குட்டி பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். இந்த ஒரு வருஷம் மட்டும்தான் என்கிறாள். மேஸ்திரி கடைக்கு வரும்போதெல்லாம், “என்ன மேடம், அந்த ரெண்டு சுவரு?” என்று கேட்கிறார். கலர் மேடம் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறாள்.