செருப்புக் காலோடு மிதித்த நிலா

திருப்பூரில் திட்டு வாங்கினாலும் மரியாதையோடுதான் வாங்கவேண்டும். "ஏனுங்க தம்பி, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?" என்று என் வீட்டுக்கார அம்மா கேட்டால், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்பது போலவே இருக்கும். நம் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி வாயைத் திறந்தால் லயத்து வரிசை வீடுகளில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து ஓடும். ஆனால் அங்கே திட்டு என்றால் திட்டு என்று உடனே விளங்கும். இங்கே நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு, அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைக்கும். போன தை மாதம் அந்த அம்மா கேட்டது அப்படித்தான் உறைத்தது. "பௌர்ணமிக்குள்ள எம்பொண்ணு மனசு மாறலீன்னா, நீங்க வேற ஊடு பாத்துக்கிறீங்களா கண்ணு?"

அக்கரையில் இன்னும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கும் இந்தக் கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். சிலோன்காரன் என்று சொன்னதும் காலியாக இருந்த அறையெல்லாம் திடீரென்று நிறைந்துபோகிற ஊர் இது. அலைந்து திரிந்து கிடைத்த அறை. அது போகப் பார்த்தது, நிலாவால்.

நம் மலையில் வானத்தில் பாதியை மலை மறைக்கும், மீதியைப் பனி மறைக்கும். நட்சத்திரம் என்றால் துரை பங்களாவில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கும் காகித நட்சத்திரம்தான். கச்சேரியில், அதாவது அங்கத்து சர்க்கார் ஆபீசில், அக்காவுக்கு அந்தக் கரை, எனக்கு இந்தக் கரை என்று குடியுரிமையைப் பிரித்து எழுதினார்கள். மண்டபம் முகாம் மணலில் மல்லாந்து படுத்தபோதுதான் முழு வானத்தையும் முதலில் பார்த்தேன். இவ்வளவையும் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று கோபமே வந்தது. திருப்பூருக்கு வந்தால், இங்கே வானம் அகலமாகக் கிடக்கிறது, அண்ணாந்து பார்க்கத்தான் ஆளில்லை. எல்லாருக்கும் ஊசிமேல்தான் கண். நிலாவில் மனிதன் இறங்கியதாக ரேடியோ அலறிய அன்று எங்கள் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, அவிங்க உள்ள பனியன் போட்டிருந்தாங்களா?"

"அங்கே காற்றே இல்லை மாஸ்டர்."

"காத்தில்லீன்னா வேர்க்குமில்ல? அப்பப் பனியன் வேணுமில்ல?"

பெரியவர்களைக் கைகழுவிவிட்டு, ஒரே வாசலைச் சுற்றிக் குடியிருக்கும் எங்கள் வளவுப் பிள்ளைகளைப் பிடித்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இருந்தாலும் அரிக்கேன் விளக்கு சூரியன், வீட்டுக்கார அம்மாவின் மகள் சரசு பூமி, அவள் தம்பி நிலா என்று சுற்றவிட்டேன். நூல் தீர்ந்த அட்டைக் கோனைக் கண்ணில் வைத்து, இதுதான் தொலைநோக்கி என்று புளுகினேன். உடனே ஒரு பயல் செத்துப்போன மாமனைப் பார்த்துவிட்டேன் என்றான், மாமன் பீடி குடிக்கிறாராம். ராக்கெட்டைச் சொன்னேன், அங்கே ஆள் கனம் குறைவதைச் சொன்னேன். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, நம் கண்ணில் விழுவது சூரியனிடமிருந்து வாங்கித் திருப்பி அனுப்பும் வெளிச்சம்தான் என்றேன். போனது மூன்று பேர், இறங்கியது இரண்டு பேர், ஒருவர் கப்பலிலேயே நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார் என்றேன். "அத்தன தூரம் போயி எறங்கவே இல்லீங்களா? அய்யோ பாவம்!" என்று அவருக்காக வளவே உச்சுக்கொட்டியது. விஞ்ஞானத்துக்கு ஒரு கொட்டாவிதான்.

இத்தனை சொல்லியும் சரசு பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: அவர்கள் காலில் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

இந்தப் பக்கம் தைப்பூசப் பௌர்ணமிக்கு முந்தின நாட்களில் பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வீடு சோறு எடுத்துவந்து, வெட்டவெளியில் கோலம் போட்டு, நிலாவுக்குப் படைத்துக் கும்மியடிப்பார்கள். நிலாச்சோறு என்று பெயர். அவர்களில் ஒருத்தியை நிலாப்பெண்ணாக உட்காரவைப்பார்கள். அவள் படைக்காமல் யாரும் சோற்றில் கைவைக்க முடியாது. இந்த வருடம் அது சரசு. அவளோ வரமாட்டேன் என்று திண்ணமாகச் சொல்லிவிட்டாள். "செருப்புக் காலோட மிதிச்ச எடத்துக்குச் சோறு படைக்கறதுங்களா?" அவள் வராததால் வீதிப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. சட்டியில் சோறு ஆறியது. தாய்மார்கள் கண்ணெல்லாம் என்மேல்.

குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"பூட்ஸைக் கழட்டினால் செத்துப்போவான், புள்ள!"

"மாரியாத்தா கோயல்ல குண்டம் எறங்கறவங்க வெறுங்காலோடதான எறங்கறாங்க? செத்தா போறாங்க?"

"அது நெருப்பு. இது நிலா!"

"நெருப்பே சுடறதில்ல. நிலா சுட்டுருமாக்கும்!" என்று கழுத்தை வெட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்தத் தடம் இன்னும் இருக்குதுங்களாண்ணா?"

இங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். "மழையில்லை, காற்றில்லை. அழியவே அழியாது," என்றேன், ஏதோ நானே மிதித்துவிட்டு வந்தவன் மாதிரி. அவள் முகம் தொங்கிப்போனது. என் பெட்டியை மனசுக்குள் கட்ட ஆரம்பித்தேன்.

பௌர்ணமியன்று சாயங்காலம் வேலைவிட்டு வந்தால், சரசு பட்டுப்பாவாடையில் நிற்கிறாள். இடுப்பில் மஞ்சள்தண்ணீர்க் குடம், கையில் பித்தளைத் தாம்பாளம்.

"கழுவிப்போட்டுப் படைச்சாச் செரியாப் போச்சுங்கண்ணா."

"எதை? ஏணி வைத்து ஏறப்போறியா?"

"நாம பாக்கறது அங்கிருந்து வர்ற வெளிச்சந்தான்னு நீங்கதானுங்க சொன்னீங்க? தண்ணிக்குள்ள வர்றதும் அதே வெளிச்சந்தானுங்களே?"

வெட்டவெளியில் தாம்பாளம் நிறைய மஞ்சள்தண்ணீர் ஊற்றினாள். நிலா அதில் வந்து உட்கார்ந்தது. பாத்திரம் தேய்க்கிற மாதிரி உள்ளங்கையால் அதைத் தேய்த்தாள். நிலா உடைந்தது, கூடியது, மறுபடி உடைந்தது. "தடம் போயிருச்சு," என்று அவள் சொன்னதும் பெண்பிள்ளைகள் குலவையிட்டார்கள். வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து, "சித்த தள்ளி நில்லுங்க தம்பி, ஆம்பளைங்க உள்ள வரப்படாது," என்றார். அறை தப்பியது என்று அப்போதுதான் மூச்சு வந்தது.

படைத்து முடித்ததும் சரசு ஒரு வாழையிலைத் துண்டில் புளிச்சோற்று உருண்டையோடு ஓடிவந்தாள்.

"யாருக்கு இது?"

"எறங்காமச் சுத்திட்டே இருந்தாரில்லீங்க, அவருக்கு எடுத்து வெச்சேன்."

"அவர் எப்பவோ வீடு போய்ச் சேர்ந்துவிட்டார், புள்ள."

"சேந்துட்டாருங்களா?" என்று கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்க தின்னுங்க."

இலையை என் கையில் வைத்துவிட்டு வட்டத்துக்குள் ஓடிப்போனாள். கும்மி தொடங்கிவிட்டது. கோலத்தில் கால் பட்டால் அதற்கும் ஒரு திட்டு, அதற்கும் ஒரு மரியாதை. செருப்புக் காலோடு, அந்த வட்டத்தைச் சுற்றி வெளியே நடந்தபடியே சோற்றைத் தின்றேன்.