ஒரே ஓட்டுச்சீட்டில் மூன்று டில்லிபாபு

1. சீட்டு

ஓட்டுச்சீட்டைக் கையில் வாங்கியதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மொத்தம் நான்கு பெயர்கள். கே. டில்லிபாபு, கே. டில்லிபாபு, எம். டில்லிபாபு, கடைசியில் ராமமூர்த்தி. கம்பெனியில் ஆளுக்கு ஆள் இருக்கும் டோக்கன் நம்பர் இல்லை, டிபார்ட்மென்ட் இல்லை, போட்டோ இல்லை. கேன்டீனில் திரை கட்டி ஓட்டுப் போடச் சொல்லியிருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் போகாமல் நேராக ஹெச்.ஆர். மேனேஜர் மேஜைக்குப் போனேன்.

"சார், இதுல எங்க டில்லி யாரு?"

"பேரு பிரிண்ட் பண்ணியிருக்கே தயாளன். படிக்கத் தெரியாதா?"

"ரெண்டு கே. டில்லிபாபு கீதே சார். எது யாருன்னு எப்டித் தெரியும்? நோட்டீஸ் போர்டுல டோக்கன் நம்பரோட போட்டிருந்தீங்க. இதுல இன்னா ஆச்சு அது?"

"உங்க ஆளு யாருன்னு உங்களுக்கே தெரியலைன்னா நான் என்ன பண்ண முடியும்? லைன்ல வெயிட் பண்றாங்க. ப்ளீஸ், மூவ்."

அந்த 'ப்ளீஸ்' இன்னும் என் காதில் இருக்கிறது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டை செட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். கார் கம்பெனிகளுக்குத் தகட்டு பார்ட்ஸ் அடித்துக் கொடுக்கும் பிரஸ் ஷாப். பிரஸ்ஸில் அச்சைப் பூட்டி, லெவல் பார்த்து, முதல் பீஸ் ஓகே வாங்கி ஆபரேட்டர் கையில் ஒப்படைப்பது என் வேலை. இப்போது அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்தத் தேர்தல் கதையைத் தமாஷாகச் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தமாஷ் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2. எங்கள் கம்பெனியின் பிரபலங்கள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனாலும் ஒரு டில்லிபாபு, பிணம் தூக்கப் போனாலும் ஒரு டில்லிபாபு இருப்பான். கம்பெனியிலும் அப்படித்தான். எல்லாருக்கும் அடைமொழி உண்டு. எம்.டி.யின் காரை ஓட்டுகிறவர் டிரைவர் டில்லி. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, எம்.டி.யைவிட அவருக்குத்தான் மிடுக்கு அதிகம். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து டிரெய்னியாக வந்து, புதுவாயலில் நாலைந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன் சின்ன டில்லி. வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு. எங்கள் ஷாப்பின் சீனியர் ஆபரேட்டர் பிரஸ் டில்லி. ஷாப்பின் இந்தக் கோடியில் நின்று அவன் கத்தினால் அந்தக் கோடியில் மெஷின் நிற்கும். அவன் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை.

மூன்று பேரில் யாரும் யாருக்கும் விரோதி இல்லை. ஒரே பெயர் என்பதால் ஒருவர் குடித்த டீயை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டு ஓடுவது உண்டு. அவ்வளவுதான் அதுவரை இருந்த வம்பு.

3. டேப்

பிரஸ்ஸை ஓட்ட இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் ஸ்லைடு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. அதற்கு மேல் ஒரு சென்சார். கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். உயிரைக் காப்பாற்ற மெஷின் செய்தவன் வைத்த ஏற்பாடு இது. எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு இது பிடிக்காது. ஒரு பட்டனை டேப் போட்டு நிரந்தரமாக அமுக்கிவிட்டு, சென்சாரை பைபாஸ் செய்யச் சொல்லுவார். ஒரு கையால் பீஸை வைத்து, இன்னொரு கையால் அமுக்கினால் வேலை வேகமாக ஓடும். ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் டேப்பைப் பிரித்துவிடுவார்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் மறுபடி ஒட்டிவிடுவார்கள்.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு ஒடிசாப் பையனுக்குக் கட்டைவிரல் போனது. கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்டர் அவனுக்குக் கட்டுப் போட்டு ரயிலேற்றி அனுப்பிவிட்டான். அவன் பெயர் என்ன என்று பிறகு நான் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அவனை 'பையா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம்.

மறுநாள் பிரஸ் டில்லி மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "டேப்ப எடு. அப்பால மிஷின ஓட்றேன்" என்றான். அன்று எடுத்தார்கள். அடுத்த வாரம் ஒட்டினார்கள். அவன் மறுபடி ஆஃப் செய்தான். இப்படியே எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? மேனேஜ்மென்ட்டோடு மேஜையில் உட்கார்ந்து பேசத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதியை எடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். பிரஸ் டில்லி அதற்கு நின்றான். எதிரே நின்ற ராமமூர்த்தி மேனேஜ்மென்ட்டின் ஆள். அவருக்கு அவர் வீட்டு ஓட்டாவது விழுமா என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

நாமினேஷன் முடிந்த மாலை நோட்டீஸ் போர்டைப் பார்த்தால் மூன்று டில்லிபாபு. பிரஸ் டில்லியும் சின்ன டில்லியும் கே., டிரைவர் டில்லி எம். டிரெய்னி தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஒரு ரூல் உண்டு. சின்ன டில்லிக்காக அந்த ரூல் அன்றைக்கு லீவில் போய்விட்டது.

சின்ன டில்லியை டீக்கடையில் பிடித்தேன். "இன்னாடா வேல பண்ணி வெச்சிக்கீற?" என்று சட்டையைப் பிடித்தேன்.

"அண்ணா, நானு ஜெயிக்கப் போறதில்லண்ணா. ஓட்டுகூட கேக்க வாணாம், பேரு மட்டும் குடுன்னாங்கோ. குடுத்தா பர்மனென்ட் பண்றேன்னு சொன்னாங்கோ. ஊர்ல நைனாவுக்கு வேல செய்ய முடியல. பேரு தானேண்ணா? குடுத்தா இன்னா கொறஞ்சி பூடும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"இன்னா கொறஞ்சி பூடுமா? பிரஸ் டில்லி பொழப்பே பூடும்டா!"

கூட வந்திருந்த பிரஸ் டில்லிதான் என் கையை விலக்கினான். "அவன இன்னாத்துக்குப் போட்டு உலுக்கற? கூப்ட்டு வெச்சிக் கேட்டவன் ஏசி ரூம்ல குந்திக்கினு கீறான். அவன் சட்டையப் புடி, பாப்போம்."

அந்தச் சட்டையைப் பிடிக்க எனக்கு அன்று தைரியம் இல்லை. இருப்பவனிடம் கோபப்பட பயம், இல்லாதவனிடம் கோபப்பட வீரம். நம் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள வியாதிதான்.

நோட்டீஸ் போர்டில் பிரஸ் டில்லி இரண்டாவது. "ரெண்டாவது பேருக்குப் போடு" என்று ஷிப்டு ஷிப்டாகச் சொல்லி வைத்தோம். ஓட்டுச்சீட்டில் வரிசையும் மாறியிருந்தது, நம்பரும் இல்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முதல் டில்லிக்குக் குத்தினார்கள், மீதிப் பேர் இரண்டாவதுக்கு. எதற்கு வம்பு என்று இரண்டுக்கும் குத்திச் செல்லாத ஓட்டாக்கியவர்களும் உண்டு. டிரைவர் டில்லிக்கும் கொஞ்சம் விழுந்தது. ராமமூர்த்தி ஜெயித்தார். சாயங்காலம் மேனேஜ்மென்ட் செலவில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். நான் வாங்கி அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

4. பரிசு

சொன்ன வார்த்தை தவறவில்லை, சின்ன டில்லியைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். ஆர்டரைக் கையில் கொடுத்து எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு. டேப் அப்படியே இருந்தது. ராமமூர்த்தி பிரதிநிதியாக இருக்கும்போது யார் கேட்பது?

செகண்ட் ஷிப்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான். நான் பக்கத்து மெஷினில் அச்சுப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இறங்க வேண்டிய ஸ்லைடு இரண்டு தடவை இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பையன் அப்படியே வெறித்துக்கொண்டு நின்றான். வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

பிரஸ் டில்லி ஓடிவந்து தன் துண்டால் கையைச் சுற்றித் தோளில் தூக்கினான். கம்பெனி ஆம்புலன்ஸ் எங்கோ பார்ட்ஸ் ஏற்றப் போயிருந்தது. ஆம், ஆம்புலன்ஸில் பார்ட்ஸ் ஏற்றும் கம்பெனி அது. போர்டிகோவில் எம்.டி.யின் கார் நின்றது. டிரைவர் டில்லி யாரையும் கேட்கவில்லை, பின் கதவைத் திறந்தார். நானும் ஏறிக்கொண்டேன். ஓட்டுச்சீட்டில் இருந்த மூன்று டில்லிபாபுவும் ஒரே காரில் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்ளும் பெண் கேட்டாள். "பேஷன்ட் பேரு?"

"டில்லிபாபு" என்றான் பிரஸ் டில்லி.

"கூட்டிக்கினு வந்தது?"

"டில்லிபாபு."

"வண்டி யாருது? டிரைவர் பேரு?"

"டில்லிபாபும்மா" என்றார் டிரைவர் டில்லி.

அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாங்க, வெளாட்றீங்களா?" எங்கள் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து எழுதினாள்.

வெளியே டிரைவர் டில்லிக்குப் போன் வந்தது. ஹெச்.ஆர். மேனேஜர். எம்.டி. ஏர்போர்ட் போக வேண்டும், கார் உடனே வர வேண்டும். டிரைவர் டில்லி எப்போதும் 'எஸ் சார்' தவிர வேறு பேசாதவர். "சீட்டெல்லாம் புள்ள ரத்தம் சார். வேற வண்டி பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு அந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அழுதார்.

ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். தொழிலாளர் பிரதிநிதி என்று அதன் அடியில் ராமமூர்த்தி கையெழுத்துப் போட்டார். நாங்கள் கம்பெனிக்குத் திரும்புவதற்குள் டேப்பைப் பிரித்து, மெஷினைத் துடைத்து, படம் பிடித்து வைத்துவிட்டார்கள். அவன் ரத்தம் காய்வதற்குள் பொய்யைக் காய வைத்துவிட்டார்கள்.

5. மறுபடி சீட்டு

அடுத்த தேர்தல் வந்தது. பிரஸ் டில்லியும் ராமமூர்த்தியும் மறுபடி நின்றார்கள். சின்ன டில்லி கை ஆறி, ஸ்டோரில் லைட் டியூட்டியில் இருந்தான். அவனைக் கூப்பிட்டு, "லைட் டியூட்டி எவ்ளோ நாள்னு மேனேஜ்மென்ட்தான் டிசைட் பண்ணும், புரியுதா?" என்று சொல்லி மறுபடி நாமினேஷனை நீட்டியிருக்கிறார்கள். அவன் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டான். டிரைவர் டில்லியைக் கேட்டதற்கு, வேலையை விட்டாலும் விடுவேனே தவிர பெயரைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சின்ன டில்லி கையெழுத்துப் போட்டது தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவனுக்கு இன்னும் புத்தி வர்லியே" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்து, "இருண்ணா" என்றான்.

ஓட்டுப் போடும் நாளில் லைனில் முதல் ஆளாக நின்றான். அதே மாதிரிச் சீட்டு, இரண்டு கே. டில்லிபாபு, நம்பர் இல்லை. வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைக்குப் போனான். வலது கையை, மிச்சம் இருந்த இரண்டு விரலோடு, அந்த மேஜை மேல் வைத்தான்.

"சார், நானும் எலெக்‌ஷன்ல நிக்கிறேன். இதுல நானு யாரு?"

மேனேஜர் சீட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"எனக்கே என்னத் தெரியல சார். டோக்கன் நம்பர் போட்டுக் குடுங்கோ."

"டிலே ஆகும்பா. ஓட்டுப் போட்டுட்டுப் போ."

"ஆவட்டும் சார்."

அவனுக்குப் பின்னால் இருந்த பிரஸ் டில்லி ஓட்டுச்சீட்டை வாங்கவில்லை. அவனுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் மொத்த லைனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கேன்டீனில் சாம்பார் கொதிக்கும் சத்தம்தான் கேட்டது. மேனேஜர் எழுந்து போனார். புதுச் சீட்டு அடித்துக் கொண்டுவந்தார்கள், டோக்கன் நம்பரோடு.

சின்ன டில்லி லைனைப் பார்த்துத் திரும்பினான். அந்தக் கையைத் தூக்கிக் காட்டினான். "நம்பரப் பாத்துக் குத்தறப்ப இத்த ஞாபகம் வெச்சிக்கோங்கோ. அஞ்சு வெரலு கீற டில்லிக்குப் போடுங்கோ. எனக்குப் போடாதீங்கோ."

பிரஸ் டில்லி ஜெயித்தான். மறுநாள் காலையிலேயே எல்லா மெஷினிலும் அவனே கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்தான். சென்சாரும் வந்தது. ஜெயித்துவிட்டோமே, இன்னும் என்ன கோபம் என்று என் வீட்டில் கேட்கிறார்கள். அதே டேப்பை முதல் தேர்தலிலேயே கிழித்திருக்கலாம் அல்லவா? அந்தக் கோபம் என்னோடுதான் கட்டையேறும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பெயர்தானே என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். சும்மா கேட்கிறவன் எதையும் சும்மா கேட்பதில்லை. கொடுத்துவிட்டவனை எங்கேயாவது பார்த்தால், என்னைப் போல அவன் சட்டையைப் பிடிக்காதீர்கள். கேட்டவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பாருங்கள்.

அந்த இரண்டாவது தேர்தல் அன்றைக்கு ஓட்டு எண்ணி, யாருக்கு எவ்வளவு என்று மைக்கில் படித்தார்கள். சின்ன டில்லிக்கு ஒன்றுகூட இல்லை. அவன் ஓட்டும் அவனுக்கு விழவில்லை.