வோல்டேஜ் விழும் நேரம்

பிள்ளையார்பாளையத்தில் ஏலவார்குழலியும் கதிர்வேலும் கூட்டாகக் கடை நடத்தி, இசைத்தட்டுப் பாட்டுக் கேட்க உதவும் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து வந்தார்கள். வால்வுக்கு முந்நூறு வோல்ட் ஆடாமல் அசையாமல் வர வேண்டும். இல்லாவிட்டால் பாட்டோடு உறுமலும் சேர்ந்து கேட்கும். அதற்கான ரெகுலேட்டரை இரண்டு வருடம் மெனக்கெட்டு உருவாக்கியவள் குழலி. கதிர்வேல் அதன் சர்க்யூட் வரைபடத்தை செல்போனில் படமெடுத்துக்கொண்டு போய்த் தனிக்கடை போட்டான்.

நியாயம் கேட்கப் போனாள். "உன் சர்க்யூட்டுன்னு அதுல எழுதி இருக்குதா?" என்றான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் ஆறவேயில்லை.

அவன் கொண்டுபோனது முதல் வரைபடம். வீட்டு வோல்டேஜ் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்த ரெகுலேட்டர் பிடி தளர்ந்து உறுமல் கிளம்பும். குழலி பிறகுதான் அதைக் கண்டுபிடித்தாள். டிரான்ஸ்ஃபார்மரில் கம்பியைக் கூடுதலாகச் சுற்றி, ஏறும் சூட்டுக்குப் பெரிய அலுமினியத் தகடு வைத்துச் சரிசெய்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் சீனிவாசன், இருவரின் ஆம்ப்ளிஃபயரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்து, நல்லதை வாங்க விரும்பினார். குழலி முன்கூட்டியே போய், அவர் கடை மாடியில் மீட்டர் வைத்துப் பார்த்தாள். மத்தியானம் மூன்று மணிக்குத் தெருவின் ஏசி எல்லாம் ஓடும்போது நூற்று எண்பத்து நான்கு.

"மூணு மணிக்கே வெச்சுக்கலாம் சார்," என்றாள்.

கதிர்வேல் தன் வாடிக்கையாளர்கள் ஆறு பேரை அழைத்து வந்திருந்தான். நாதஸ்வர இசைத்தட்டு சுழல ஆரம்பித்த இரண்டாம் நிமிடமே அவன் பெட்டி உறுமியது. ஒயரை மாற்றினான், குமிழைத் திருகினான். உறுமல் நிற்கவில்லை.

"இங்க வோல்டேஜ் கம்மிபா," என்றான்.

குழலி அதே பிளக்கில் தன்னுடையதைச் சொருகினாள். நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"உன் பொட்டியில இருக்குறது யாரு போட்ட சர்க்யூட்டுபா?" என்று சீனிவாசன் கேட்டார்.

கதிர்வேல் தன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"சொல்லு," என்றாள் குழலி.

"குழலி போட்டதுதான்."

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தான். "எங்க மாத்தணும்னு மட்டும் சொல்லும்மா. வித்ததெல்லாம் திரும்பி வந்துடும்."

"வரட்டும்."

வந்தன. ஆடி பிறக்குமுன் கடையை மூடிவிட்டு, வாலாஜாபாத்தில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கேள்விப்பட்ட மறுநாளே குழலி பஸ் ஏறிப் போய் அவன் முன்னால் நின்று, சார்ஜர் ஒன்று கேட்டாள். அவன் எடுத்து வைத்தான். வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டு, நாலைந்தை எடுக்கவைத்து, அவன் குனிந்து குனிந்து எடுப்பதை நிதானமாகப் பார்த்தாள்.