அமுக்க முடியாத விளக்குகள்

சின்னவளுக்கு வேலையே பிறர் தைத்ததைப் பிரிப்பதுதான். செருப்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில், ஒரு தையல் மெஷினும் ஓர் ஆளும் மட்டுமே கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருப்பாள். இடுப்பைப் பிடி, கையைக் குறை, நீளத்தை விடு என்று வருவார்கள். எல்லாருக்கும் அவளிடம் ஒரே பதில்: "சரிங்க." தெருவே அவளை 'ஆல்டர் அக்கா' என்றுதான் கூப்பிட்டது. முழுதாக ஒரு சட்டை தைக்கச் சொல்லி அவளிடம் யாரும் துணி கொடுத்ததில்லை.

அவளுடைய அக்கா சோப்புக் கம்பெனியில் உறைகளைச் சரிபார்ப்பவள். ஓரம் கோணலாக ஒட்டியிருந்தால் எடுத்துத் தனியே போட வேண்டும். அந்தப் பார்வை வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். "இவ நிலாவைப் பார்த்தாகூட ஓரம் சரியில்லைன்னு திருப்பி அனுப்பிடுவா" என்பார் அவள் கணவர்.

விளக்கு தற்செயலாக வந்தது. நூல் சுற்றிய பாபின்களைப் போட்டுவைக்கலாம் என்று காலி கூல்டிரிங்ஸ் டின் ஒன்றை வெட்டப்போனாள் சின்னவள். கத்தி நழுவி, டின்னின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நாலைந்து கீறல்கள் விழுந்தன. எரிச்சலில் உள்ளங்கையால் டின்னின் தலையில் ஓர் அழுத்து அழுத்தினாள். கீறலுக்கு நடுவிலிருந்த தகடுகள் வெளியே புடைத்துக்கொண்டு வந்தன. மேஜை விளக்கின் வெளிச்சம் அதன் வழியாகச் சுவரில் கோடு கோடாக விழுந்தது. அன்றைக்குப் பிரிக்க வேண்டிய மூன்று பேன்ட்டுகள் அப்படியே கிடந்தன.

அதன்பிறகு எதிரிலிருந்த சினிமா தியேட்டரில் சொல்லிவைத்து, நசுங்காத டின்களாகப் பொறுக்கி வந்தாள். கழுவிக் காயவைத்து, இரும்பு ஸ்கேலை வைத்துச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கோடு போட்டுக் கீறுவாள். மெல்ல அழுத்தி ஒவ்வொரு தகட்டையும் நடுவில் மடிப்பாள். மேலே கம்பி கட்டி, உள்ளே சிறு பல்பு வைத்தால் முடிந்தது. வெட்டிய தகடு கையைக் கிழிக்கும். அந்தப் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பஞ்சை வைத்து இழுத்துப் பார்ப்பாள். ஓர் இழை சிக்கினாலும் மறுபடி தேய்ப்பாள்.

"போதும்க்கா. விளக்கை யாரும் கட்டிப்பிடிச்சுத் தூங்கப் போறதில்ல."

"நீ மடி. ஓரம் என் வேலை."

முதலில் நிறைய வீணானது. துணிக்காரக் கையல்லவா, மடிப்பு சற்று விலகினால் உடனே நிமிர்த்தி மறுபடி மடிக்கப் போவாள். நிமிர்த்திய இடத்திலேயே தகடு பட்டென்று ஒடியும். துணியில் தையலைப் பிரித்தால் ஊசித்துளை மட்டும் மிஞ்சும், அதையும் தண்ணீர் தெளித்துத் தேய்த்து மறைத்துவிடலாம். இதில் ஒரு தடவை மடித்தது மடித்ததுதான். இது கைக்குப் பழக அவளுக்கு ஒரு கோடைக்காலமே ஆனது.

சாப்பாட்டுக் கடை முதலாளி அவளிடம் பேன்ட்டின் இடுப்பை விட்டுக்கொடுக்க வருகிறவர். விட்டு விட்டு, இனி விட உள்ளே துணியே இல்லை என்ற நிலைமை. காத்திருந்தபோது தலைக்கு மேல் தொங்கிய விளக்கைப் பார்த்தார். "ஆல்டர் அக்கா, நம்ம கடை ஹாலுக்கு வரிசையா மாட்டிக் குடேன். ஜனங்க பார்க்கட்டும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த சின்னவள் சாப்பிட உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். "இத்தனை வருஷத்துல எல்லாமே அடுத்தவங்க தைச்சதுதான்க்கா. இது ஒண்ணு மட்டும் முழுசா நான் செஞ்சது. அது நாலு பேர் பார்க்கிற இடத்துல அப்படியே தொங்கணும்." அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

செய்து முடித்தார்கள். மாட்டவும் மாட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அக்காவும் கூடப் போனாள். ஹால் முழுக்கச் சுவரிலும் மேஜையிலும் வெளிச்சக் கோடுகள். சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி. "ஆனா என் மச்சான் பார்த்துட்டு, விளக்கெல்லாம் ரொம்ப குண்டா இருக்குங்கிறார். கொஞ்சம் ஒல்லியாக்கிடும்மா."

அக்கா அவருடைய வயிற்றைப் பார்த்தாள், பிறகு விளக்கைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள் சின்னவள். பழகிய வாய்.

ஏணியைக் கொண்டுவந்து போட்டார்கள். அக்கா கீழே பிடித்துக்கொண்டாள். சின்னவள் ஏறி, முதல் விளக்கின் ஒரு தகட்டை இரண்டு விரலால் உள்ளே தள்ளினாள். டிக். தகடு இரண்டாகித் தொங்கியது. அடுத்த தகட்டுக்குக் கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது.

"முடியாதுங்க" என்றாள்.

"என்னது?"

"இதை மாத்த முடியாதுங்க. மாத்தினா ஒடிஞ்சுடும். இருந்தா இப்படியேதான் இருக்கும்."

"நல்லா இருக்கே! என் பேன்ட்டை எத்தனை தடவை மாத்தியிருக்க?"

"அது துணிங்க."

முதலாளிக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. ஊரில் எல்லாரும் முடியாது என்றாலும் இவள் சொல்லமாட்டாள் என்று நம்பியிருந்தவர். "அப்படின்னா கழட்டிடும்மா. மச்சான் பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்க என்னால முடியாது" என்றார்.

மேலிருந்து சின்னவள் அக்காவைப் பார்த்தாள். 'ஒல்லியாகப் புதிதாகவே செய்து தருகிறோம்' என்ற வார்த்தை அக்காவின் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அவள் ஏணியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொண்ணாக் குடு. நான் வாங்கிக்கிறேன்" என்றாள்.

கடைசி விளக்கும் இறங்கியபோது ஹால் வெறும் ட்யூப்லைட்டில் வெளுத்துக் கிடந்தது. மூலை மேஜைக்காரர் ஒருவர், "ஏங்க, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். முதலாளி கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடையிலிருந்த ஒட்டடைக் கம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, விளக்குகளை அதில் கோத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "அம்மா, அந்த டப்பாவையெல்லாம் கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சுட்டு ஏறுங்க. இன்னும் நாலு பேர் நிக்கணும்."

"அமுக்க முடியாதுங்க. நீங்க போங்க" என்றாள் சின்னவள். யோசிக்கக்கூட இல்லை.

பஸ் போனது. அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நட."

கம்பின் ஒரு முனை அக்காவின் தோளில், மறுமுனை சின்னவளின் தோளில். நடுவில் விளக்குகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலவென்றன. கடைத்தெருவில் நெரிசலான நேரம். மெதுவாகப் பேசியே பழகிய அக்கா அன்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "ஓரமாப் போங்க! இடிச்சுடாதீங்க! என் தங்கச்சி கையால செஞ்சது!"

"அக்கா, மானம் போகுது. வாயை மூடிட்டு வா."

எதிரே ஒருவர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே வந்தார். இவர்கள் விலகவில்லை. அவர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போனார்.