இடப்பக்கம் திருப்பச் சொன்ன குரல்

நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும். 1991 ஆவணி, யாழ்ப்பாணத்துக் கோப்பாய். பட்டப்பகலில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது.

றேடியோ திருத்துகிற சீவரத்தினம் அந்த வருடம் ஒரு றோபோ செய்திருந்தான். இடிந்த வீடுகளுக்குள் ஆள் நுழைய முடியாத சந்துகளில் அது ஊர்ந்து போகும். பழுதான டேப் றெக்கோடர்களின் மோட்டர்கள், உருள்வதற்கு சைக்கிள் டியூப் சுற்றிய சில்லுகள், முன்னால் ஒரு பழைய டெலிபோன் மைக், பின்னால் நூறு அடி வயர். யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி கொண்டுவர அரசாங்கம் போட்ட தடை. அதனால் ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிளை நண்பன் மார்க்கண்டு மிதிப்பான். டைனமோ கரண்ட் கொடுக்கும். சீவரத்தினம் காதில் ஹெட்போன், கையில் சுவிச்.

அன்று காலை பத்து மணிக்குச் செல்வநாயகம் என்பவரின் வீட்டில் விமானக் குண்டு விழுந்தது. தோட்டத்தில் நின்றதால் அவர் தப்பினார். மனைவி அற்புதராணியும் மகள் பத்மாவதியும் உள்ளே என்று கதறினார். கல்லைக் கிளறிக் கிளறி அவருடைய நகங்கள் பிய்ந்திருந்தன.

பிற்பகல் 2.40. றோபோ உள்ளே போனது.

கிர்ர்... கிர்ர்...

2.52. ஹெட்போனில் டொக். டொக். டொக்.

பிறகு ஒரு பெண் குரல்.

"தம்பி, இடப்பக்கம் திருப்பும்."

சீவரத்தினத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு தூசிக்குள் ஒரு இருமல் இல்லை. உள்ளே கும்மிருட்டு, றோபோவில் விளக்கும் இல்லை. அது திரும்புவது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஹெட்போனின் ஒரு பக்கத்தைச் செல்வநாயகத்தின் காதில் வைத்தான்.

"ஐயோ... உது என்ரை மனிசி!"

"வலப்பக்கம் வேண்டாம். தூண் கிடக்கு... இன்னும் கொஞ்சம்..."

சைக்கிள் சத்தம் நின்றது.

"ஏன் நிப்பாட்டினனீ?"

"கால் விறைச்சுப்போச்சு அண்ணை."

கரண்ட் இல்லை. மோட்டர் நின்றுவிட்டது.

ஆனால் வயர்...

மண்ணில் மெல்ல ஊர்ந்தது. உள்நோக்கி.

ஒரு முழம்.

இரண்டு முழம்.

நின்றது.

"இஞ்சைதான். கிண்டுங்கோ." ஹெட்போனில் அதே குரல்.

வயர் போன வழியே தோண்டினார்கள். 4.15க்கு, சாய்ந்த அலுமாரிக்கடியில் பத்மாவதி உயிரோடு கிடந்தாள். அவள் கன்னத்தை ஒட்டி றோபோ நின்றது.

"கொம்மா எங்கை பிள்ளை?" செல்வநாயகம் கேட்டார்.

"அம்மாவோ? அவ காலமையே சந்தைக்குப் போட்டா அப்பா."

மகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாசலில் வரிசையாகச் சடலங்கள். மூன்றாவது அற்புதராணி. சந்தை றோட்டில் குண்டுச் சிதறல் பட்டவள்.

சீவரத்தினம் பதிவுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

கொண்டுவரும்போதே உயிரில்லை. நேரம், காலை 11.10.