வரி கேட்டு வராத வீடு

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது அந்த வேலை வந்தது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு ஆண்டுகளாக ஒரு திட்டத்தை நடத்தியிருந்தது. ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரியும் குடிநீர் வரியும் எங்கே போகின்றன என்று மக்களே கேட்க வேண்டும். கிராம சபைக்கு வந்து, தெருவிளக்கு முதலில் வேண்டுமா குழாய் முதலில் வேண்டுமா என்று அவர்களே சொல்ல வேண்டும். அதற்குப் பழக்குவதுதான் திட்டம். பழகினார்களா இல்லையா என்று வெளியாள் ஒருவர் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த வெளியாள் நான்.

மகள் புட்டிப்பாலைத் துப்பிவிடுவாள். கணவருக்கு மீஞ்சூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட். எனவே அவளைத் தூக்கிக்கொண்டே பஸ் ஏறினேன். ஒரு தோளில் கேள்வித்தாள்கள், இன்னொரு தோளில் அவளுடைய மாற்றுத்துணிகள். கடற்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கொஞ்ச தூரம் கவலைப்பட்டேன். கைக்குழந்தையோடு வருகிறவளை யார் மதித்துப் பதில் சொல்வார்கள் என்று மிச்ச தூரம் கவலைப்பட்டேன்.

மதித்தார்களோ இல்லையோ, குழந்தையை உடனே வாங்கிக்கொண்டார்கள். வலைகளைச் சீர்செய்யும் வலைக்கூடத்தின் பின்னால் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் என் வயதுடைய ஒருத்தி, கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"இப்டி குடு மேடம். நீ எழுது. புள்ள என்னாண்ட இருக்கட்டும்."

என் மகள் யாரிடமும் போகாதவள். அன்று போனாள், அந்தப் பெண்ணின் கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டு வரி கட்டுகிறீர்களா, ரசீது வாங்குகிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தேன். குழந்தையை வாங்கிக்கொண்டவளின் முறை வந்தபோது, ஊராட்சி அலுவலகத்தில் தன் பெயரிலேயே கட்டுவதாகச் சொன்னாள். கிராம சபையில் எழுந்து பேசியும் இருக்கிறாள். நான் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன்.

"எழுதிக்கினியா? ஆனா எங்க ஊர்ல எங்கிட்ட வரி வாங்க மாட்றாங்கக்கா. அதையும் எழுதிக்க."

மேடமாக இருந்த நான் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை.

குப்பத்தில் அரசாங்க ஊராட்சி தவிர ஊர்க் கூட்டம் என்று ஒன்று உண்டு. திருவிழா, கரையில் நடக்கும் சண்டை, யார் எங்கே வலை போடுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அதற்கென்று தனியாக ஊர் வரி இருக்கிறது. கல்யாணமான ஆண் இருக்கும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். கணவன் இறந்துவிட்டால் அந்த வீட்டில் கை நீட்டக் கூடாது என்பது வழக்கம். திருவிழாப் பிரசாதம் மட்டும் தவறாமல் வீடு தேடி வந்துவிடும். ஆனால் கூட்டம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், வரி கட்டும் வாசலில்தான் நிற்பார். கட்டுகிற வீட்டிலிருந்து ஒருவர் போய் உட்காரலாம், பேசலாம்.

அவள் கணவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். பையன் இருந்தால் அவனுக்குக் கல்யாணமானதும் வீடு மறுபடி கணக்கில் வரும்.

"எனக்கு ரெண்டும் பொண்ணு. எங்க வூடு இனிமே கணக்குக்கே வராது. கிராம சபைல கொழாய் கேட்டு கை தூக்கினேன். அது எங்க நிக்கணும்னு ஊர்க் கூட்டத்துல முந்தின நாளே முடிவாயிடுச்சு. இன்னிக்குக் கூட்டம் கீது. வரி வாங்கிக்கச் சொல்லி கேக்கப் போறேன். நீ ஒண்ணும் பேச வாணாம். சும்மா வந்து நில்லு. வாய் வராம பூட்சின்னா உன் மூஞ்சியப் பாத்துக்கினாவது நிப்பேன்."

மதிப்பீடு செய்கிறவர் எதிலும் தலையிடக் கூடாது. நான் போய் நிற்பதே தலையீடு ஆகிவிடுமா? போகாமல் இருந்தால், பார்க்க வேண்டியதைப் பார்க்காதவள் ஆவேனா? இதைத் தீர்த்துக்கொள்வதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். குழந்தை அவள் தோளில் இருந்ததால் நானும் பின்னால் போனேன்.

வாடைக் காற்று பலமாக இருந்ததால் படகுகள் கரையிலேயே கிடந்தன. வலைக்கூடத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் வெளியே தூணோரம். அங்கே போய்ச் சேர்வதற்குள் என் மகள் தூங்கிவிட்டிருந்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். எழுப்பிவிடாதே என்று தலையை ஆட்டிவிட்டு, குழந்தையோடேயே அவள் உள்ளே போனாள்.

ஊர்ப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, புள்ளயத் தூக்கினு வந்து நிக்கிற? யார் புள்ள அது?"

"எழுத வந்த அக்கா புள்ள, பெரிப்பா. தூங்குது. மெதுவா பேசுங்க."

வரும்போது தெருக்கோடிவரை கேட்ட கூட்டத்தின் சத்தத்தை அடிதடி என்றே நினைத்திருந்தேன். இப்போது அத்தனை பேரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

"எங்க வூட்டையும் ஒரு தலைக்கட்டா சேத்துக்கங்க. எல்லார் மாதிரியும் வரி குடுக்கறேன். கூட்டம்னா எனக்கும் வந்து சொல்லணும்."

பெரியவர் தாடையைத் தடவினார். "உங்கிட்ட வாங்கினா சுத்து வட்டாரம் இன்னா பேசும்? புருசன் இல்லாதவகிட்ட புடுங்கறானுங்கன்னு துப்ப மாட்டான்? பாவம்மா அது." இதையும் கிசுகிசுப்பாகவே சொன்னார்.

"பாவம் பாவம்னே என்ன வெளிய நிக்க வச்சிட்டீங்க பெரிப்பா. கொழாய் எங்க நிக்கணும்னு நீங்க சொல்றீங்க, கொடத்த நான் தூக்கறேன். நாளைக்கு எம்பொண்ணுங்க கட்டிக்கினு பூட்டா, இங்க ஒரு வூடு இருந்துச்சானே ஊருக்குத் தெரியாது."

குழந்தை அசைந்தது. அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

கொழுந்தன் முறையுள்ள ஒருவர் ஓரத்திலிருந்து சொன்னார்: "பெரிப்பா, நானே வரி குடுக்காம எப்டி டபாய்க்கலாம்னு பாத்துக்கினு கீறேன். அண்ணி தேடி வந்து குடுக்குது. என்னுதயும் சேத்து அதாண்டயே வாங்கிக்க."

சிரிப்பை வெளியே விட முடியாமல் எல்லோர் தோளும் குலுங்கியது.

"சரி, அரை வரி குடு," என்றார் பெரியவர்.

"அரை வரி குடுத்தா பாதிப் பேச்சுதான் பேசணுமா?"

"நீ பாதி பேசினாலே ஊரு தாங்காது அண்ணி."

பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்து என் மகளின் முகத்தைப் பார்த்தார். "பொம்பளப் புள்ளயா?"

"ஆமா."

அவள் காலில் உட்கார்ந்த கொசுவை விரட்டினார். "அடுத்த வரி போடறப்போ உன் வூட்டாண்டயும் ஆள் வரும். முழு வரி. இப்பப் புள்ளய எடுத்துக்கினு போ, கொசு கடிக்குது."

"எங்க போறது? கூட்டம் இன்னும் முடியலயே," என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே ஓரமாக உட்கார்ந்தாள். யாரோ வலைக்குவியலைத் தள்ளி இடம் விட்டார்கள்.

அதன் பிறகு டீசல் விலை, பனிக்கட்டி வண்டி என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. பால் கட்டி எனக்கு மார்பு வலித்தது. ஆனாலும் வெளியே தூணோரம் நின்றேன். என் குழந்தை உள்ளே இருந்தது. கூப்பிட மனம் வரவில்லை.

அறிக்கை எழுதும்போது இதை எங்கே வைப்பது என்று திண்டாடினேன். திட்டம் கிராம சபைக்கானது. இதுவோ ஊர்க் கூட்டத்தில் நடந்தது. வரி கட்டுகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று பயிற்சியில் சொன்னதைத்தான் அவள் சொந்த ஊரிடம் கொண்டுபோனாள். அதைத் திட்டத்தின் பலன் என்று சொல்லலாமா, அவளுடைய துணிச்சல் என்பதா? என் மகள் விழித்திருந்தால் ஆண்கள் கத்தியிருப்பார்களோ, அந்தப் பெண் வாயடைத்துத் திரும்பியிருப்பாளோ? எழுதினேன், அழித்தேன். கடைசியில் மதிப்பீட்டின் குறைகளைச் சொல்லும் பகுதியில், மதிப்பீட்டாளரின் குழந்தை கூட்டத்தில் உறங்கிக்கொண்டிருந்ததால் பேச்சின் தொனி மாறியிருக்கலாம் என்று சேர்த்தேன். நிறுவனத்தார் போன் செய்து, இந்த வாக்கியம் கட்டாயம் வேண்டுமா என்று கேட்டார்கள். நடந்ததே அதுதான் என்றேன்.

அந்த மதிப்பீடு சரியா தவறா என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. வாரங்கள் கழித்து ஒரு காலையில், மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது குப்பத்திலிருந்து அவள் போனில் அழைத்தாள்.

"அக்கா, வந்துக்கிறான். வாசல்ல நிக்கறான்."

"யாரு?"

"வரி கேக்க வந்தவன்."

"குடுத்துட்டீங்களா?"

"இரு. மீன் கழுவறேன்னு சொல்லிக்கீறேன். இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும். தெரு பூரா பாக்கட்டும்."

அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல், இன்னும் எவ்வளவு நேரம் அண்ணி என்று அலுத்துக்கொண்டது. அவள் சட்டித் தண்ணீரைச் சளசளவென்று அலசினாள். நானும் இட்லிக் கையோடு, போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.