தட்டில் வைத்த கடவுச்சீட்டு

எங்கள் சாமியறையில், கோயிலுக்குக் கொண்டுபோகும் பித்தளைத் தட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், உடைத்த தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே குங்குமம் பட்டுக் கிடந்த என் மகனின் கடவுச்சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. மாத்தளையில் எங்கள் சனங்கள் வெளிநாடு புறப்படும்போது கடவுச்சீட்டை அர்ச்சனைத் தட்டில் வைப்பார்கள். ஐயர் தட்டைக் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெரியவரிடம் நீட்டுவார். அவர் எடுத்துக் கொடுக்க, போகிறவர் குனிந்து வாங்கிக்கொள்வார். அன்று ஐயர் தட்டை நீட்டியது தலைவரிடம்.

தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவருடைய அலுவலகத்தில்தான் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களும், வெளிநாட்டில் கூலி வேலை செய்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களும் அங்கே கிடந்த நீளமான மர வாங்கில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் எல்லோருக்கும் பாலில்லாத பிளேன்டீ வரவேண்டும். அதற்குப் பிறகுதான் தலைவர் பேச்சைத் தொடங்குவார். “கையில எழுதின துண்டு இல்லாட்டியும் செஞ்ச வேல வேலதான். பயப்படாம போயி கேளுங்க” என்பார். வெளிநாடு போகிற பெண்களிடம், “அடுத்தவன் பொக்கட்டுல உங்க பாஸ்போட் இருந்தா, நீங்களும் அவன் பொக்கட்டுலதான் இருக்கீங்க” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். தட்டச்சை நிறுத்திவிட்டு நானும் சிரித்திருக்கிறேன். என் தாலியைத் தட்டில் ஏந்தி எல்லோரிடமும் ஆசி வாங்கி வந்தவரும் அவர்தான்.

அவர்தான் மகனுக்கு வளைகுடா நாட்டில் ஒரு பெரிய கடையில் வேலை என்று சொல்லி எல்லா ஏற்பாடுகளையும் செய்தார். வேலைக்குப் போகிறவன் அரசாங்கத்தில் பதிய வேண்டாமா என்று என் கணவர் கேட்டதற்கு, போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கோயிலில் தட்டிலிருந்து கடவுச்சீட்டை எடுத்தவர், அதை மகனிடம் கொடுக்காமல் தன் வெள்ளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “விசா வேல இருக்கு தம்பி, எங்கிட்டயே இருக்கட்டும்” என்றார். சட்டைத் துணியில் குங்குமம் மெல்ல ஊறியது. அவர் வாயாலேயே கேட்ட அந்தப் பழைய பேச்சு எனக்கு ஞாபகம் வராமலில்லை. ஆனால் சாமி முன்னால், அவரைப் போய் எப்படிக் கேட்பது?

புறப்படும் நாளில் விமான நிலையத்தில்தான் கடவுச்சீட்டு மகன் கைக்கு வந்தது. வளைகுடாவில் இறங்கியதும் ஒருவன் வந்து, அதைத் தலைவர் வாங்கி வைக்கச் சொன்னதாகச் சொல்லியிருக்கிறான். தலைவர் பெயரைக் கேட்டதும் இவனும் கொடுத்துவிட்டான். கடையும் இல்லை, வேலையும் இல்லை. சுற்றிப் பார்க்கிற விசாவில்தான் அனுப்பியிருந்தார்கள். விடியற்காலையில் ஒரு பாலத்தடியில் பல நாட்டுக்காரர்களோடு நிற்பானாம். லொறியில் வருகிறவர்கள் தோளைப் பார்த்து ஆள் பொறுக்குவார்களாம். வேலை முடிந்து கூலி கேட்டால், பொலிசைக் கூப்பிடவா என்பார்களாம்.

நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல பிளேன்டீ வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “விசிட் விசாவுல போனவனுக்கு எந்தச் சட்டமும் இல்ல தங்கச்சி. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு” என்றார். கடவுச்சீட்டை வாங்கியவன் யார் என்று கேட்டபோது முகம் மாறியது. “நீ படிச்ச பொம்பள. அப்பவே கேட்டிருக்கலாமே?” என்றார். தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

பிரதேச செயலகத்தில், வெளிநாடு போகிறவர்களின் விடயங்களைப் பார்க்க ஓர் இளம் பெண் உத்தியோகத்தர் இருந்தார். விசா எதுவானாலும், ஒருவனுடைய கடவுச்சீட்டை இன்னொருவன் பிடித்துவைக்கக் கூடாது என்றார். செய்த வேலைக்குக் கூலி கேட்டு முறையிடலாம், நம் தூதரகத்தில் தொழிலாளர் பிரிவு இருக்கிறது, தங்க இடமும் மொழிபெயர்க்க ஆளும் கேட்கலாம் என்று மகனுக்குத் தொலைபேசியிலேயே பொறுமையாக விளக்கினார். தலைவர் இப்போது ஆள் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பதும், என்னைப் போல வேறு தாய்மாரும் அங்கே வந்திருப்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் சொன்ன சட்டம் எதுவும் எனக்குப் புதிதில்லை. எல்லாம் தலைவர் குரலில் நான் முன்பே கேட்டவை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. அவருக்கு எல்லாம் தெரியும்.

மகன் இப்போது தூதரகம் காட்டிய விடுதியில் இருக்கிறான். அவனுடைய கடவுச்சீட்டு கிடைக்கவேயில்லை. தற்காலிகப் பயணப் பத்திரத்தில் அடுத்த வாரம் வருகிறான். செய்தி எப்படியோ தலைவர் காதுக்கும் போய்விட்டது. விமான நிலையத்துக்கு வேன் தருகிறேன், மாலையோடு நானும் வருகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார். அதைச் சொன்னபோது மகன், “அவரு வந்தா நான் வெளிய வரமாட்டேன்மா” என்றான். அந்தப் பத்திரத்தையாவது யாரிடமும் கொடுத்துவிடாதே என்றேன்.

“குடுக்கமாட்டேன். நீங்க கேட்டாலும் குடுக்கமாட்டேன்மா.”

தொலைபேசியை வைத்துவிட்டு, பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். துடைத்து, சாமியறையில் கவிழ்த்து வைத்தேன்.